பழைய பதிவுக் கட்டளையின் பணி நிறைவு விழா

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாசனை அடிக்காத கட்டடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஏலக்காய்க்காகவே கட்டிய கட்டடம். டீக்கடை, சலூன், செருப்புக்கடை என்று எதற்குள் தலையை நீட்டினாலும் அந்த வாசனை மூக்கைத் தொடும். ‘மலைப்பயிர் உலர்த்தகக் கருவிகள் ஒழுங்குமுறைக் கழகம்’ என்ற மூன்று மாடிக்குள் நுழைந்தால் மட்டும் பினாயிலும் கோந்தும் மணக்கும்.

கழகம் இதுவரை ஒரே ஒரு வேலை செய்திருக்கிறது. மலையில் ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோர் ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மாட்டியது. அறைக்குள் எவ்வளவு சூடு, விசிறி என்ன வேகம் என்று பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சரி என்றால் பச்சை விளக்கு. பச்சை எரிந்தால்தான் விசிறி சுற்றும். விசிறி சுற்றினால்தான் அடுப்பின் சூடு தட்டுகளுக்குப் போகும். காய் காய்ந்து முடிந்ததும் பெட்டி ஒரு சீட்டு அச்சடித்துத் தரும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் ஏல மையத்தில் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பெட்டிக்கு ஈய முத்திரை வேறு. முத்திரை உடைந்தால் அந்த ஸ்டோர்க் காய்க்கு ஒரு வருஷத்துக்கு ஏல மையத்தில் இடமில்லை.

பெட்டி வருவதற்கு முன்னால் காய் எப்படிக் காய்ந்தது என்று கேட்கக் கூடாது. கழகத்தின் ஆவணங்களின்படி அதற்கு முன்னால் காய் காயவில்லை.

போடிமெட்டுக்குக் கீழே, சரிவில், ஆறு சின்ன விவசாயிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறவர் வேலுச்சாமி. மூன்றாம் வகுப்பு. அடுப்படியில் முப்பத்து மூன்று வருஷம். புறங்கையைத் தட்டின் மேல் வைத்தால் சூடு எவ்வளவு என்று தெரியும். ஒரு கைப்பிடி காயை எடுத்துக் காதோரம் குலுக்குவார். உள்ளே அரிசி போலிருக்கும் விதை கலகலவென்று ஆடினால் காய் இறங்கலாம், மந்தமாக ஆடினால் இன்னும் இரண்டு மணி நேரம். பெட்டி வந்த பிறகும் அவர் குலுக்குவதை நிறுத்தவில்லை. பெட்டி சொல்வது சரிதானா என்று யாராவது பார்க்க வேண்டுமல்லவா?

அடுப்பு பார்க்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஆள் மாறும்போது, போகிறவர் அடுப்புக் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகக் கூடாது. வருகிறவர் கோலின் மறுமுனையைப் பிடித்து “பிடிச்சுட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இவர் கையை விட வேண்டும். நடுவில் கோல் தரையைத் தொட்டால் அன்றைய காய்க்கு யார் பொறுப்பு என்று தெரியாமல் போய்விடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணூறு கிலோ பச்சைக்காய் தட்டேறி இருந்தது. இரண்டு கோடை வறட்சியில் செடியெல்லாம் கருகி, இந்த வருஷம்தான் ஆறு பேருக்கும் முழு எடுப்பு என்று ஒன்று வந்திருந்தது. வேலுச்சாமி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். சிவப்பு எரிந்தது. அணைத்துப் போட்டார். மறுபடி சிவப்பு. திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வேறு.

ஆறு பேரில் ஒருத்தியான மொக்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏண்ணே, அது மண்டையில ரெண்டு தட்டு தட்டுனா என்ன?”

“முத்திரை போயிரும்.”

“முத்திரையத் திங்கவா போறோம்?”

“காயை எறக்கிப் படுதாவுல மெல்லிசாப் பரப்பி விடு. குமிஞ்சு கெடந்தா வெந்து போகும். நான் கீழ ஆபீசுக்குப் போய்ட்டு வெரசா வந்துர்றேன்.”

“நாளச் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல மஞ்சப் பாரிச்சதுன்னு வையி, ஒன்னயத்தான் தட்டுல பரப்புவேன்.”

வேலுச்சாமி கோலை நீட்டினார். அவள் மறுமுனையைப் பிடித்தாள். “பிடிச்சுட்டேன். போ.”

திரையில் இருந்த இங்கிலீஷைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, ஆள் இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பு ஒன்றில் தொற்றிக்கொண்டு பத்து மணிக்குக் கழகத்தின் வாசலுக்கு வந்துவிட்டார்.

முன் மேசையில் கண்காணிப்பாளர் மகாராணி இருந்தார். காகிதத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“பழுதா, புகாரா?”

“செவப்பு வெளக்கு எரியுது தாயி.”

“எரியுதுல்ல? அப்ப வெளக்கு நல்லாத்தான் இருக்கு. பழுதுன்னு எழுத முடியாது.”

“அப்பப் புகாருன்னு எழுதிக்கங்க.”

மகாராணி ஒரு பதிவேட்டைப் புரட்டினார். அவர் முகம் பெருமையில் மலர்ந்தது. “பெரியவரே, மலையிலேயே புகார் இல்லாத ஒரே ஸ்டோரு உங்க ஸ்டோருதான். அதனாலதான் புது மென்பொருளைச் சோதனையா மொதல்ல உங்க பெட்டியில ஏத்துனோம். இப்ப நீங்க புகார் குடுத்தா அந்தத் தகுதி போயிரும். தகுதியில்லாத ஸ்டோர்ல நாங்க சோதனை செய்யவே மாட்டோம். செய்யாத சோதனைக்கு எப்படிப் புகார் வாங்குறது, நீங்களே சொல்லுங்க?”

வேலுச்சாமி கொஞ்ச நேரம் யோசித்தார். எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. அது அவர் படிப்பின் குறை அல்ல.

அப்போது மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பவித்ரா. மேலே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்து கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள். பெட்டிக்குள் ஓடும் நிரல்களைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிகமாகச் சேர்த்திருந்தார்கள். கழகத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதனால் உட்கார அவளுக்கு அந்த மாடிப்படி இடுக்கு.

கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பார்த்தவள் தலையில் கை வைத்தாள்.

“வந்துருச்சா? இது வரும்னு எனக்குத் தெரியும் பெரியப்பா.”

“என்ன தாயி வந்துச்சு? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு.”

“பெட்டிக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு. நம்ம காட்டுல எடை போடுற எடத்துல கங்காணி நிப்பாருல்ல, அது மாதிரி. அதுக்குக் கீழ சூடு பாக்குறதுக்குன்னு ஒரு டிரைவர் நிரல். காலையில பெட்டி முழிச்சதும் அந்த நிரல் கங்காணிகிட்டப் போய்ப் பேர் பதியணும். அதுக்கு ஒரு பதிவுக் கட்டளை இருக்கு. பழைய கட்டளை என்ன செய்யும்னா, ‘நான் வந்துட்டேன்’னு பேரை மட்டும் சொல்லும். என்ன சோலின்னு சொல்லாது. அப்புறமா மெதுவாத் தன் பலகையத் தானே மாட்டும். சூடு இவ்வளவு, விசிறி இவ்வளவுன்னு. பேர் பதிஞ்சாச்சு, பலகை இன்னும் தொங்கலை, அதுக்குள்ள ஒருத்தன் வந்து சூடு என்னன்னு கேட்டா முழிக்கும்.”

“நம்ம காட்டு வேலைக்கு வர்ற சுருளி மாதிரி. பேரைக் குடுத்துட்டுப் பீடி குடிக்கப் போயிருவான்.”

“அதேதான். புதுக் கட்டளை அப்படியில்ல. வரும்போதே பட்டியல் குடுக்கணும். இன்ன பேரு, இத்தன சூடு பாப்பேன், இத்தன விசிறி பாப்பேன், இதை எல்லாரும் பாக்கலாம், இதத் தொடக் கூடாது. பலகையக் கங்காணியே மாட்டிருவாரு.”

“நல்ல மொறையால்ல இருக்கு.”

“நல்ல மொறைதான். பழசை எடுக்கப் போறோம், மாத்திக்கங்கன்னு கெர்னல் ஆறு வருஷமாத் தெனம் காலையில எச்சரிக்கை குடுத்துச்சு. யாரும் மாத்தலை. இப்ப உங்க பெட்டியில ஏத்துன புது கெர்னல்ல அந்தப் பழைய கட்டளையே கெடையாது. நம்ம நிரல் போய் இல்லாத ஆளக் கூப்புட்டுக்கிட்டு நிக்குது.”

“மாத்த எம்புட்டு நேரம் ஆகும்?”

“மாத்தி எழுதியே வச்சிருக்கேன். இங்கிருந்தே ஏத்திரலாம். ஒரு டீ ஆறுற நேரம்.”

“அப்ப ஏத்தேன் ஆத்தா!”

பவித்ரா குரலைத் தாழ்த்தினாள். “கையெழுத்து இல்லாம ஏத்துனா நாளைக்கே என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க பெரியப்பா. எங்கம்மா கூடக் காய் எடுக்கத்தான் போகணும். வாங்க, டைரக்டரப் பாப்போம்.”

கழகத்தின் இயக்குநர் பாண்டித்துரை இரண்டாம் மாடியில் இருந்தார். உயரமான நாற்காலி. மேசையில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் மாதிரிக்கு ஒரு பெட்டி, பச்சை விளக்கோடு. விளக்கு மட்டும்தான் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை என்று பவித்ரா அப்புறம் சொன்னாள். பாண்டித்துரை சாதாரணமாகப் பேச மாட்டார். மேடை இல்லாத இடத்திலும் மேடைத் தமிழ்தான்.

ஆறு வருஷ எச்சரிக்கை என்ற சொல் காதில் விழுந்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

“எச்சரிக்கையைக் கழகம் அலட்சியம் செய்தது என்று யாரேனும் சொன்னால் என்னால் தாங்க முடியாது. இங்கே பாருங்கள்!” சுவரை அடைத்து நின்ற அலமாரியைத் திறந்தார். தரையிலிருந்து கூரை வரை கோப்புகள். “ஒவ்வொரு நாளும் பெட்டி கொடுத்த எச்சரிக்கையை அச்சிட்டு, எண்ணிட்டு, துளையிட்டு, கட்டி வைத்திருக்கிறோம். புயல் அடித்த அன்றும் ஒன்று விடுபடவில்லை. எச்சரிக்கையை இத்தனை மரியாதையாக நடத்திய நிறுவனம் இந்த மாவட்டத்தில் வேறு உண்டா?”

“படிச்சீகளா சார்?” என்று கேட்டார் வேலுச்சாமி.

“படிப்பது தொழில்நுட்பப் பிரிவின் பணி. தொழில்நுட்பப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை. தொடங்கிய அன்றே முழுமையாக ஒப்படைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறோம்.”

“அப்பப் பழைய கெர்னலையே திருப்பிப் போட்டுருங்க சார். எனக்குக் காய் காஞ்சாப் போதும்.”

“முன்னேற்றத்தைத் திரும்பப் பெறக் கழகத்துக்கு அதிகாரம் இல்லை, ஐயா.”

பவித்ரா தான் எழுதியதை நீட்டினாள். பாண்டித்துரை அதைத் தொடாமல் பார்த்தார். “நன்று. பழைய கட்டளையை நீக்குவதென்றால் ‘நீக்கக் குழு’ கூட வேண்டும். குழுவுக்கு ஓர் அறிக்கை வேண்டும். மாற்றம் செய்த பின் பெட்டி காட்டும் வெப்ப அளவு அந்த அறிக்கையில் இருக்க வேண்டும்.”

“மாத்துனாத்தான சார் அளவு வரும்?”

“ஆமாம்.”

“அப்ப மாத்தலாமா?”

“குழு அனுமதித்தால் மாற்றலாம்.”

“குழு எப்ப அனுமதிக்கும்?”

“அளவு வந்தால்.”

கூரையில் விசிறி சுற்றியது. அது எந்தப் பெட்டியின் அனுமதியும் கேட்காமல் சுற்றுவதை வேலுச்சாமி ஏக்கத்தோடு பார்த்தார்.

கோப்போடு பின்னாலேயே வந்திருந்த மகாராணி மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “சார், அந்தக் கட்டளை பெட்டியில சேந்து பதினோரு வருஷம் ஆச்சு. பத்து வருஷத்துக்கு மேல இருந்தா நீக்கம்னு வராது சார். பணி நிறைவுன்னு வரும். பணி நிறைவுக்குக் குழு தேவையில்ல. விழா மட்டும் நடத்தணும்.”

பாண்டித்துரையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. குழு என்றால் அவர் ஒன்பது பேரில் ஒருவர். விழா என்றால் தலைவர்.

“நாளைக் காலை பதினொரு மணி! பொன்னாடை, நினைவுப் பரிசு, சிற்றுண்டி. ஆனால் கட்டளையால் நாற்காலியில் உட்கார முடியாதே?”

“விதியில ‘ஓய்வு பெறுபவர் அல்லது அவர் சார்பாளர்’னு இருக்கு சார்.”

எல்லாரும் வேலுச்சாமியைப் பார்த்தார்கள். பதினோரு வருஷமாக அந்தக் கட்டளையோடு ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவர் அவர்தானே. ‘பழைய பதிவுக் கட்டளையின் சார்பாளராக, அது செய்ய வேண்டிய அனைத்தையும் அதன் சார்பில் செய்ய ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டச்சு செய்த தாளை மகாராணி நீட்டினார். பவித்ராவைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு, வேலுச்சாமி அதை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. எண்ணூறு கிலோவை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் மொக்கம்மாள் படுதா முன்னால் குந்தி இருந்தாள். ஆறு குடும்பமும் முறை வைத்துக் காயைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டியோடு கிளம்பி நின்ற வேலுச்சாமியை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாருக்குண்ணே கல்யாணம்?”

“பெட்டிக்குள்ள ஒரு கட்டளைக்கு வயசாயிருச்சாம். ஓய்வு குடுக்குறாக. அது சார்பா எனக்குப் பொன்னாடை போர்த்துறாக.”

“எனக்கு அறுபத்து ரெண்டு ஆச்சு. ஒரு துண்டு குடுத்தாகளா?” ஒரு காயை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். நுனியில் பச்சை வெளுக்கத் தொடங்கியிருந்தது. “இதுக்கு இன்னும் எம்புட்டு நேரம்னு நீயே சொல்லு.”

“சாயங்காலம் வரைக்கும்.”

“மத்தியானம் வரைக்கும். போ. போர்த்திக்கிட்டு வா.”

கழகத்தின் கூட்ட அறையில் பெரிய பேனர் தொங்கியது. ‘பதினோரு ஆண்டுகள் அப்பழுக்கற்ற பணியாற்றி ஓய்வு பெறும் பழைய பதிவுக் கட்டளை அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்.’ கட்டளைக்குப் புகைப்படம் கிடையாது. அதனால் ஸ்டோர் உரிமத்தில் இருந்த வேலுச்சாமியின் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். உரிமப் படத்தில் யாருக்கும் முகம் தெளிவாக இருப்பதில்லை. அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

முதலில் மகாராணி பேசினார். “அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. பதவி உயர்வு கேட்டதில்லை. அவரைப் பற்றி இரண்டாயிரத்துக்கும் மேல் எச்சரிக்கைகள் வந்தன. ஒன்றைக்கூட அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நாங்களும் வைத்துக்கொள்ளவில்லை.” கைதட்டினார்கள்.

அடுத்து ஒரு கணக்கர் கட்டளையின் மேல் தானே எழுதிய வெண்பாவைப் படித்தார். அடுத்து ஓட்டுநர் ஒருவர் தனக்கும் கட்டளைக்கும் இருந்த நட்பைப் பற்றிப் பேசி, பாதியில் குரல் கம்மி உட்கார்ந்தார். மணி பன்னிரண்டு ஆயிற்று. வேலுச்சாமியின் சட்டைப் பைக்குள் கைப்பேசி ஓயாமல் நடுங்கியது. எடுக்காமலே அது மொக்கம்மாள்தான் என்று தெரிந்தது.

பாண்டித்துரை எழுந்தார். பொன்னாடையைப் போர்த்தினார். மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, ஓய்வு பெறும் இவரிடம் நான் மிகவும் மதித்தது ஒன்று உண்டு. இவர் காலையில் வருவார். தன் பெயரை மட்டும் சொல்வார். உள்ளே வந்துவிடுவார். என்ன வேலை செய்வார், எதைக் காட்டுவார் என்று யாரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. எத்தனை நாகரிகம்! நானும் இந்தக் கழகத்தில் அப்படித்தான் சேர்ந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வருகிறேன். இன்று வரை ஒருவர் என்னை என்ன வேலை என்று கேட்டதில்லை.” மைக்கை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார். “ஆனால் காலம் மாறுகிறது. இனி வருகிறவர்கள் வாசலிலேயே பட்டியல் கொடுக்க வேண்டுமாம். இன்னது செய்வேன், இன்னதைக் காட்டுவேன், இன்னதைத் தொடக் கூடாது என்று! பெட்டிக்குள் இருக்கும் வரை சரி. இந்தப் பழக்கம் வெளியே பரவினால்? நாளை நம் வாசலில் ஒரு பட்டியல் கேட்டால்? நம்மில் எத்தனை பேர் உள்ளே வர முடியும்?”

இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் பேசிய ஒரே உண்மை அதுதான்.

பாண்டித்துரை உட்கார்ந்து ஓய்வு ஆணையில் கையெழுத்துப் போட்டார். வேலுச்சாமி பொன்னாடையோடு அவர் காதருகே குனிந்தார்.

“அப்பப் புதுசை ஏத்திரலாமா சார்?”

“புதியது நியமனம் அல்லவா? ஓய்வு வேறு பிரிவு, நியமனம் வேறு பிரிவு. அடுத்த காலாண்டில் வைப்போம். கேசரி சாப்பிடுங்கள்.”

வேலுச்சாமிக்கு அடுப்படியில் நிற்பது போல முகம் சுட்டது. பழசு போய்விட்டது. புதுசு மூன்று மாதம் கழித்து. படுதாவில் கிடக்கும் காய்க்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். மொக்கம்மாள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் உள்ளங்கையில் ஐந்து காய். மூன்று பச்சை, இரண்டு மஞ்சள்.

“அடுத்து, ஓய்வு பெறுபவரின் ஏற்புரை,” என்று மகாராணி அறிவித்தார்.

மைக்கை வேலுச்சாமியின் கையில் கொடுத்தார்கள். நீளமான மைக். கையில் வாங்கியதும் அதன் கனம் அவருக்குப் பழக்கமான கனமாக இருந்தது. அடுப்புக் கோலைப் பிடிப்பது போல அதைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குப் பேசத் தெரியாது,” என்றார். “ஆனா நான் இப்ப வேலுச்சாமி இல்ல. நேத்து எழுதி வாங்கிட்டீக. நான் அந்தப் பழைய கட்டளையோட ஆளு. அது செய்ய வேண்டியதையெல்லாம் நான்தான் செய்யணும்னு அதுல போட்டிருக்கு. சரிதானே அம்மா?”

“சரிதான்,” என்றார் மகாராணி, கேசரித் தட்டோடு.

“எங்க மலையில அடுப்பு பாக்குறவன் கோலைக் கீழ போட்டுட்டுப் போக மாட்டான். அடுத்தவன் வந்து பிடிச்சுட்டேன்னு சொல்லணும். அதுவரைக்கும் போகக் கூடாது. நான் பதினோரு வருஷம் சூடு பாத்திருக்கேன். இப்ப என்னய வீட்டுக்குப் போகச் சொல்றீக. என் சோலியை நான் யாருகிட்டக் குடுத்துட்டுப் போறது? ஒப்படைக்காம இந்த ஆபீசுல இருந்து யாரையாச்சும் அனுப்பிருக்கீகளா?”

மகாராணியின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. முப்பது வருஷ அலுவலக ரத்தம் அவர் தலைக்கேறியது.

“சார்! பொறுப்பு ஒப்படைப்புச் சீட்டு! அது இல்லாம ஓய்வு ஆணை செல்லாது சார்! தணிக்கையில மாட்டிக்குவோம்!”

பாண்டித்துரை பதறி எழுந்தார். “அதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?”

“ஒப்படைக்க அனுமதி தேவையில்ல சார். ஒப்படைக்காம இருக்கத்தான் அனுமதி வேணும். குடுக்குறவர் கையெழுத்து ஒண்ணு, வாங்குறவர் கையெழுத்து ஒண்ணு. அவ்வளவுதான்.”

“வாங்குகிறவர் யார்?”

வேலுச்சாமி அறையின் கடைசியில் நின்ற பவித்ராவைத் தேடிப் பிடித்தார். மைக்கை அவள் பக்கம் நீட்டினார். கம்பி இழுபட்டு, பேனரின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது.

“தாயி, புதுக் கட்டளையோட ஆளு நீதான. இந்த முனையப் பிடி.”

பவித்ரா இயக்குநரைப் பார்த்தாள், மகாராணியைப் பார்த்தாள். மலையில் பிறந்தவள், அது என்ன என்று அவளுக்குத் தெரியும். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

“பிடிச்சுட்டேன்,” என்றாள். ஒலிபெருக்கி வழியாக அது மூன்று மாடிக்கும் கேட்டது.

சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பொறுப்பு ஏற்றவர் உடனே பணியைத் தொடங்க வேண்டும் என்று சீட்டிலேயே அச்சிட்டிருந்தது. பவித்ரா படிக்குக் கீழே ஓடினாள். மேசையில் டீ ஒன்று வைத்திருந்தார்கள். அது ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

கைப்பேசி நடுங்கியது. இந்தத் தடவை வேலுச்சாமி எடுத்தார்.

“யோவ் அண்ணே! பச்சை எரியுதுய்யா! விசிறி சுத்துது!”

“பேசிக்கிட்டு நிக்காத. தட்டேத்து.”

மறுநாள் அந்தக் காயை அவர் காதோரம் குலுக்கினார். கலகலவென்று ஆடியது. நாலில் ஒரு பங்கு வெளுத்துத்தான் போயிருந்தது. அதை மொக்கம்மாள் தனியாகப் பொறுக்கி எடுத்து வைத்து, ஒவ்வொரு காய்க்கும் ஒரு வசவு வைத்தாள். மிச்சம் பச்சையாகவே இறங்கியது. பெட்டி சீட்டு அச்சடித்தது. ஏல மையத்தில் மூட்டையைப் பிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற கட்டளை மறுபடியும் எந்தப் பணியிலும் சேரவில்லை என்பதை அதன் சார்பாளர் ஆண்டுதோறும் நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும். வேலுச்சாமி போனார். சேரவில்லை என்று கையெழுத்துப் போட்டார். மகாராணி ஒரு காகிதத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

“அது என்ன தாயி?”

“புது எச்சரிக்கை, பெரியவரே. விசிறி வேகத்தைப் பாக்குற நிரல்ல ஒரு கட்டளை இருக்காம். அதையும் எடுக்கப் போறாங்களாம். இந்த வாரந்தான் வர ஆரம்பிச்சிருக்கு.”

“மாத்தச் சொல்லிட்டீகளா?”

“கோப்பு தொறந்துட்டோம்.”

மாடிப்படிக்குக் கீழே பவித்ரா தலையைக்கூடத் தூக்கவில்லை. “எழுதி வச்சிருக்கேன் பெரியப்பா,” என்றாள்.

“அந்தக் கட்டளை சேந்து எத்தன வருஷம் ஆச்சு?” என்று வேலுச்சாமி மகாராணியிடம் கேட்டார்.

“நாலு.”

பத்துக்கு இன்னும் எத்தனை என்று அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே மலையேறினார். ஸ்டோரில் மொக்கம்மாள் அந்தப் பொன்னாடையை விரித்து வைத்து, கத்திரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். சூட்டுத் தட்டுகளைப் பிடித்து இறக்கத் துணி வேண்டுமாம்.

வேலுச்சாமி அதைப் பிடுங்கி, நாலாக மடித்து, பூச்சி அரிக்காமலிருக்க நடுவில் நாலு ஏலக்காயைப் போட்டு, தகரப் பெட்டியின் அடியில் வைத்தார்.

“எதுக்குண்ணே அது? ஒனக்குத்தான் போர்த்தி முடிச்சாச்சே?”

“இன்னும் ஆறு வருஷம் இருக்கு,” என்றார் வேலுச்சாமி. “அது வரைக்கும் கிழிக்காத.”